அறைக்குள் சொன்னது யாருக்குச் சொந்தம்?

மனநல ஆலோசனைக்கு நம் ஊரில் ஒருவர் தனியாக வருவது குறைவு. அம்மா வருவார், அப்பா வருவார், சில நேரம் ஊரிலிருந்து சித்தப்பாவும் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உள்ளே கூப்பிட்டால், யாருக்குக் கஷ்டமோ அவர்தான் கடைசியாக உட்காருவார். “சொல்லுங்க, என்ன பண்ணுது?” என்று அவரைப் பார்த்துக் கேட்டால் பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வரும். ஃபீஸ் கட்டுவதும் பக்கத்து நாற்காலிதான். மறுநாள் போன் போட்டு, “நேத்து அரை மணி நேரம் தனியா பேசினீங்களே மேடம், பையன் என்ன சொன்னான்?” என்று கேட்பதும் அதே நாற்காலிதான்.

மருத்துவ அறம் என்றால் பலருக்கும் உறுப்பு தானம், கருணைக்கொலை, மருந்துப் பரிசோதனை என்று பெரிய விஷயங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். மருத்துவ உளவியலாளராக நான் சந்திக்கும் அறச்சிக்கல்களில் முக்கால்வாசி இந்த ஒரு போன் காலில் அடங்கிவிடும். கேட்பவர் கெட்டவர் இல்லை. பிள்ளையை நினைத்துத் தூக்கம் கெட்டவர், கடன் வாங்கி அழைத்து வந்தவராகக்கூட இருக்கலாம். ஆனால் பிள்ளைக்கு வயது 24. அவன் சொன்னதை அவனைக் கேட்காமல் அவரிடம் நான் சொல்லலாமா? சட்டம் ஒன்று சொல்கிறது, குடும்பம் ஒன்று எதிர்பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் அன்றாட வேலை நடக்கிறது.

இந்தக் கட்டுரையில் வரும் ஆட்கள் யாரும் தனி ஒருவர் இல்லை. பலரிடம் பார்த்ததைக் கலந்து, அடையாளங்களை மாற்றி எழுதியிருக்கிறேன். ரகசியம் பற்றி எழுதுகிறவர் அதையாவது செய்ய வேண்டும்.

வருபவர்கள் யார்?

சினிமாவில் காட்டுவது போலத் தலையைப் பிய்த்துக்கொண்டு யாரும் ஓடி வருவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்து அப்புறம் தூக்கம் பிடிக்காதவர்கள், வயிற்றெரிச்சலுக்கு எண்டோஸ்கோபி வரை பார்த்தும் ஒன்றும் இல்லை என்று அனுப்பப்பட்டவர்கள், நெஞ்சு படபடக்கிறது என்று இரண்டு முறை இசிஜி எடுத்தவர்கள், மாமியார் வீட்டுக்குப் போனாலே தலைவலி வரும் மருமகள்கள், நீட் இரண்டாவது முறையும் போய்விட்டது என்று அறையை விட்டு வெளியே வராத பிள்ளைகள். பெரும்பாலும் இவர்கள்தான். மனநலம் என்பது இவர்களுடைய அன்றாடத்தில்தான் கெடுகிறது, அங்கேதான் சரியாகவும் ஆகிறது.

பெங்களூருவில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. அதைவிடக் கவலை தரும் எண் இன்னொன்று. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. டாக்டர் பக்கத்தில் இல்லை, காசு இல்லை, இது நோய் என்றே தெரியவில்லை என்று காரணங்கள் பல. அவற்றோடு சேர்த்து நான் அதிகம் கேட்கும் காரணம், “வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்?” தங்கச்சிக்கு வரன் அமையாது, ஆபீசில் பிரமோஷன் போய்விடும், காம்பவுண்டில் இருக்கும் எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அதனால் ரகசியத்தைக் காப்பது மரியாதைக்காகச் செய்யும் சலுகை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிகிச்சையின் பாதி அதுதான். சொன்னால் வெளியே போகும் என்று தெரிந்தால் ஆட்கள் வர மாட்டார்கள். வந்தாலும் பாதியை மறைப்பார்கள். மறைத்த பாதியை வைத்துக்கொண்டு யாரும் வைத்தியம் பார்க்க முடியாது.

குடும்பம் என்ற பலமும் பயமும்

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பாடப்புத்தகத்தில் இருக்கும் ரகசியக் கோட்பாடு, ஒருவர் தனியாக வந்து, தன் காசைக் கட்டி, தனியாகத் திரும்பிப் போகும் ஊரை மனதில் வைத்து எழுதப்பட்டது. இந்திய மனநல மருத்துவம் வளர்ந்த வழி வேறு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்திலேயே கூடாரம் போட்டு நோயாளிகளின் உறவினர்களைத் தங்க வைத்தார். கூட ஆள் இருந்ததால் நோயாளிகள் சீக்கிரம் தேறி வீடு திரும்பினார்கள். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் குடும்பத்தார் உடன் தங்கும் முறைதான் வேரூன்றியது. மேலை நாடுகளில் நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வைத்த காலத்தில், இங்கே குடும்பத்தையே வார்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஆள் பற்றாக்குறையும் ஒரு காரணம்தான், ஆனால் பலன் கிடைத்தது உண்மை.

மாத்திரை எடுத்துத் தருவது யார்? கிளினிக்குக்கு பஸ் ஏற்றி அழைத்து வருவது யார்? மறுபடி நோய் தலைதூக்கினால் முதலில் கண்டுபிடிப்பது யார்? எல்லாம் வீட்டு ஆட்கள்தான். அவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு நான் மட்டும் அறத்தோடு இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தம் இல்லை.

அதே குடும்பம்தான் கொண்டுபோய் விட்டுவிட்டும் வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. மொத்தம் 28 பேர் இறந்தார்கள். தர்காவின் அருளால் குணமாகும் என்ற நம்பிக்கையிலும், இனி வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது என்ற களைப்பிலும் சொந்தக்காரர்களே கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவர்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. ‘வீட்டுக்காரர்கள் நல்லதுக்குத்தானே செய்வார்கள்’ என்ற வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஏர்வாடி ஞாபகம் வரும். நல்லதுக்குத்தான் செய்தார்கள் என்பதிலும் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. அதுதான் பிரச்சினையே.

சட்டம் என்ன சொல்கிறது?

2017ல் இயற்றி, 2018 மே 29 முதல் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகப் பேசுகிறது. மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் முடிவெடுக்கத் தகுதியற்றவர் ஆகிவிட மாட்டார். சொல்லப்படும் விஷயத்தைப் புரிந்துகொண்டு, இதைச் செய்தால் அல்லது செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்து, தன் முடிவை ஏதோ ஒரு விதத்தில் தெரிவிக்க முடிந்தால் போதும். பேச முடியாவிட்டால் சைகையில் தெரிவிக்கலாம். எடுத்த முடிவு நமக்குத் தப்பாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

23ஆம் பிரிவு ரகசியம் பற்றியது. சிகிச்சையின்போது தெரிந்துகொண்டதை வெளியிடக் கூடாது என்பது விதி. கூடவே விதிவிலக்குகளும் உண்டு. சிகிச்சை தரும் மற்ற மருத்துவர்களிடம் சொல்லலாம். இன்னொருவருக்குத் தீங்கு வராமல் தடுக்கவும், உயிருக்கு ஆபத்து என்றால் அதைத் தடுக்கவும் சொல்லலாம். நீதிமன்றமோ மனநல வாரியமோ ஆணையிட்டால் சொல்லலாம். பொதுப் பாதுகாப்புக்காகவும் சொல்லலாம். அப்படிச் சொல்லும்போதும் அந்த ஆபத்தைத் தடுக்கத் தேவையானதை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம் கோடு போட்டிருக்கிறது. கண்டிப்பாகப் பார்த்தால் இந்தச் சட்டம் மனநோய் உள்ளவர்களைப் பற்றியது. மாமியார் தலைவலிக்காக வருபவர் அதன் எல்லைக்குள் வராமல் போகலாம். ஆனால் எங்கள் தொழில் அறத்துக்கு அந்த எல்லை கிடையாது, யார் வந்தாலும் அதே கடமைதான்.

சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம், அதிகம் பேருக்குத் தெரியாத இடமும்கூட, நியமனப் பிரதிநிதி பற்றியது. நாளைக்கு எனக்கு நோய் முற்றி முடிவெடுக்க முடியாமல் போனால் என் சார்பில் யார் பேச வேண்டும் என்று 18 வயதைத் தாண்டிய யாரும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், கைநாட்டும் செல்லும். அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, ஹாஸ்டல் சிநேகிதியாகவும் இருக்கலாம். தன் வேலையைச் செய்யத் தேவையான தகவலைப் பெற அந்தப் பிரதிநிதிக்கு உரிமை உண்டு. யாரையும் எழுதி வைக்காவிட்டால் அந்த இடம் இயல்பாக உறவினரிடம் போய்விடும். ஆக, ‘வீட்டுக்குச் சொல்லக் கூடாது’ என்று சட்டம் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நோயாளியின் கையில் கொடுத்திருக்கிறது.

முதல் சந்திப்பிலேயே

சரி, நடைமுறையில் எப்படி? முதல் சந்திப்பில், எல்லோரும் அறையில் இருக்கும்போதே நான் சொல்லிவிடுவது இதுதான்: “தம்பி என்கிட்ட சொல்றதை அவர் சம்மதம் இல்லாம உங்ககிட்ட சொல்ல மாட்டேன். உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணினா சொல்வேன், அதையும் அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன். நீங்க கவனிச்சதை எப்ப வேணா என்கிட்ட சொல்லலாம். ஆனா நீங்க சொன்னதை அவர்கிட்ட மறைச்சு வைக்க மாட்டேன்.”

கடைசி வாக்கியத்துக்குத்தான் வீட்டில் அதிக எதிர்ப்பு வரும். “நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க மேடம்” என்று தொடங்கும் பேச்சுகள் எத்தனையோ. கணவர் குடிக்கிறார், மகள் போனை ராத்திரி எடுத்துப் பார்த்தேன், இப்படி ஏதாவது இருக்கும். அந்தத் தகவலை நான் மனதில் வைத்துக்கொண்டு, தெரியாதது போல அவரிடம் கேள்வி கேட்டால் அந்த நிமிடத்திலிருந்து நான் வீட்டாரின் உளவாளி. ஒரு நாள் அவருக்குத் தெரிந்துவிடும், அதோடு அவர் வரமாட்டார்.

பெற்றோருக்குத் தேவையானது பெரும்பாலும் அவன் என்ன சொன்னான் என்ற விவரமே இல்லை. இனி வீட்டில் நாங்கள் எப்படி நடந்துகொள்வது என்பதுதான். அதைப் பேசுவதற்கு ரகசியம் எதையும் உடைக்க வேண்டியதில்லை. அவனையும் கூட உட்கார வைத்தே பேசலாம். எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்று அவனிடம் முன்னாலேயே கேட்டுக்கொண்டால் பாதிச் சண்டை வராது. கேட்டால் பலரும் சம்மதிக்கத்தான் செய்கிறார்கள்.

எல்லாம் இவ்வளவு சுலபமாக முடிவதில்லை. சாப்பாட்டில் மாத்திரை கலப்பது தமிழ்நாட்டு வீடுகளில் அரிதான சங்கதி இல்லை. மகனுக்கு மனச்சிதைவு. தனக்கு நோய் இல்லை என்கிறான், மாத்திரையைத் துப்புகிறான். அம்மா பொடி செய்து சாம்பாரில் கலக்கிறார். நோய் அடங்குகிறது, அவன் வேலைக்குக்கூடப் போகத் தொடங்குகிறான். இதில் என்ன தப்பு என்று கேட்டால் பல டாக்டர்களும் பதில் சொல்லத் தயங்குவார்கள், மனநல மருத்துவர்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து கிடையாது. எனக்குத் தெரிந்த தப்பு இது: அந்த நோயில் அடிக்கடி வரும் சந்தேகமே ‘என் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள்’ என்பதுதான். ஒரு நாள் உண்மை தெரியும்போது அவனுடைய நோய் சொன்னது சரி, அம்மா சொன்னது பொய் என்று ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு அவனை எந்த மாத்திரையையும் நம்ப வைப்பது மிகவும் சிரமம். பக்கவிளைவு வந்தால் அவனால் சொல்லவும் முடியாது, மருந்து சாப்பிடுவதே தெரியாதே. அம்மாவைத் திட்டி இந்தப் பிரச்சினை தீராது. நல்ல காலத்தில், அவன் தெளிவாக இருக்கும்போது, மறுபடி நோய் முற்றினால் என்ன செய்யலாம் என்று அவனிடமே கேட்டு எழுதி வைக்க வேண்டும். சட்டம் இதற்கு முன்கூட்டிய அறிவுறுத்தல் என்ற வழியைக் கொடுத்திருக்கிறது. பயன்படுத்துவோர் சொற்பம்.

இன்னொரு வகை, “எப்படியாவது மாத்தி அனுப்புங்க” என்று அழைத்து வருவது. வேறு சாதிப் பெண்ணைக் காதலிக்கும் மகன், பெண்ணையே காதலிக்கும் மகள். காசு கொடுப்பவர் ஒரு வேலை கேட்கிறார், எதிரில் இருப்பவருக்கு அந்த வேலையே வேண்டாம். இங்கே நான் யாருக்காக உட்கார்ந்திருக்கிறேன் என்பது முதல் பத்து நிமிடத்தில் தெளிவாகிவிட வேண்டும். ஒருவரை ஒருவர் காதலித்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7ல் கொடுத்த உத்தரவு இந்த வகையில் ஒரு மைல்கல். தனக்கு இதைப் பற்றிச் சரியான புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டு, தீர்ப்பு எழுதும் முன் ஒரு உளவியலாளரிடம் நேரம் வாங்கி உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம்தான், ஒருவரின் பாலின ஈர்ப்பை மருத்துவத்தால் ‘மாற்ற’ முயல்வதைத் தடை செய்து, மீறுவோர் மீது உரிமம் ரத்து வரை நடவடிக்கை எடுக்கச் சொன்னார். அதைத் தொடர்ந்து 2022ல் தேசிய மருத்துவ ஆணையமும் அத்தகைய சிகிச்சை தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. பெற்றோர் கேட்கிறார்கள் என்பது இனி ஒரு சாக்காகாது.

எப்போது வாயைத் திறக்க வேண்டும்?

ரகசியத்துக்கு எல்லை எது என்ற கேள்வியில் உலகம் முழுக்க எடுத்துக்காட்டப்படும் வழக்கின் நடுவில் இருந்தவர் ஒரு இந்திய மாணவர். கலிபோர்னியாவின் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த பிரசன்ஜித் போத்தார், 1969ல் தன் சிகிச்சையாளரிடம் ஒரு பெண்ணைக் கொல்லப் போவதாகச் சொன்னார். உளவியலாளர் சும்மா இருக்கவில்லை, வளாகப் போலீசுக்குத் தெரிவித்தார். அவர்கள் பிடித்து விசாரித்து, ஆள் தெளிவாகத்தான் இருக்கிறார் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கோ அவர் வீட்டுக்கோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்டோபர் 27 அன்று டாட்டியானா டாரசாஃப் கொல்லப்பட்டார். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். ஆபத்தில் இருப்பவரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று 1976ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் சட்டத்தின் விதிவிலக்குகளிலும் அதே எண்ணத்தைப் பார்க்கலாம்.

கொலை மிரட்டலை வாழ்நாளில் ஒருமுறைகூடக் கேட்காத உளவியலாளர்கள் உண்டு. தற்கொலை எண்ணத்தைக் கேட்காதவர் கிடையாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள், அதில் 19,834 பேர் தமிழ்நாட்டில். ‘செத்துடலாம்னு தோணுது’ என்று ஒருவர் சொன்ன உடனே வீட்டுக்குப் போன் போடுவது சரியான வழி இல்லை. அப்படித் தோன்றுவது ஒன்று, திட்டம் போட்டு வைத்திருப்பது வேறு ஒன்று. எவ்வளவு அருகில் நிற்கிறார் என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆபத்து நெருங்கியிருந்தால், “இதை உங்க அக்காகிட்ட சொல்லப் போறேன். நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்று கேட்பேன். அக்காவிடம் சொல்வதும் இவ்வளவுதான்: தனியாக விடாதீர்கள், வீட்டிலுள்ள மருந்துகளையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்துங்கள், நாளைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். காதல் தோல்வியா, கடனா, கருவுற்றிருக்கிறாளா என்பதெல்லாம் அந்த அழைப்பில் வராது. உயிரைக் காப்பாற்ற அந்த விவரம் அக்காவுக்குத் தேவையில்லை.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்ற பயத்தில் தற்கொலை முயற்சியை ஆஸ்பத்திரியில் ‘தவறுதலாகக் குடித்துவிட்டான்’ என்று எழுத வைப்பது இன்னும் நடக்கிறது. 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொண்டு தண்டனையிலிருந்து விலக்கியது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சம்ஹிதையில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இடம்பெறவே இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் குற்றமாக இருக்கிறது. உண்மையை மறைத்தால் போவது கவுன்சலிங் கிடைக்கும் வாய்ப்புதான். ராத்திரி வேளையில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

18 வயதுக்குக் கீழே இருந்தால் கதை மாறுகிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி, ஒரு குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் புகார் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. மாமா தப்பாக நடந்துகொண்டார் என்று ஒரு சிறுமி சொல்லும்போது இந்தச் சட்டம் பெரிய பலம். ‘குடும்ப கௌரவம்’ என்று அமுக்கப் பார்க்கும் வீட்டை எதிர்கொள்ள எனக்குச் சட்டம் துணை நிற்கிறது. ஆனால் 17 வயதுப் பெண் தன் வகுப்புப் பையனோடு விருப்பப்பட்டுப் பழகியதைச் சொல்லும்போதும் அதே பிரிவுதான் மேசைக்கு வருகிறது, ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அவள் சம்மதம் செல்லாது. இந்தச் சங்கடத்தைச் சென்னை உயர் நீதிமன்றமே பதிவு செய்து அப்படி ஒரு வழக்கை 2021ல் ரத்து செய்திருக்கிறது. என்றாலும் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. அதனால் பதின்பருவத்தினரிடம் அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே இந்த எல்லையைச் சொல்லிவிட வேண்டும். ‘எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்கும் ஆலோசகர், தன்னால் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்கிறார்.

கல்யாணப் பேச்சு

பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கும் அழைப்புகளுக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம். “உங்ககிட்ட அந்தப் பொண்ணு வர்றதா கேள்விப்பட்டோம், எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க.” வந்தாள், வரவில்லை என்ற இரண்டையுமே சொல்லாமல் இருப்பதுதான் பதில். ‘அப்படி யாரும் வரலையே’ என்று பொய் சொன்னால், அடுத்தவர் விஷயத்தில் நான் ‘சொல்ல முடியாது’ என்றதுமே அது ‘ஆமாம்’ என்று ஆகிவிடும். எல்லோருக்கும் ஒரே பதில் என்றால்தான் அந்தப் பதிலுக்கு மதிப்பு.

மறுபக்கம், நோயை மறைத்துக் கல்யாணம் பண்ணலாமா என்று வீட்டார் கேட்பார்கள். ‘கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்’ என்ற நம்பிக்கை நம் ஊரில் எந்த மாத்திரையையும் விட அதிகம் விற்பது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் மனநோய், திருமணத்தைச் செல்லாது என்று அறிவிப்பதற்கும் விவாகரத்துக்கும் காரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது இருக்க வேண்டும் என்று 1988ல் ராம் நாராயண் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறைத்துச் செய்யும் கல்யாணத்தில் முதல் அடி விழுவது மாத்திரைக்குத்தான். புது வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று நிறுத்துவார்கள், மூன்று நான்கு மாதத்தில் நோய் திரும்பும். சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்பது என் ஆலோசனை. ஆனால் சொல்ல வேண்டியது அந்தப் பெண், அவள் நேரம் பார்த்து, அவள் வார்த்தையில். நானோ அவள் அண்ணனோ சொல்வது வேறு.

காகிதமும் கைபேசியும்

பேச்சு காற்றில் போய்விடும், குறிப்பு நிற்கும். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்குச் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. மருத்துவருக்கோ உளவியலாளருக்கோ அது கிடையாது. 1872 சட்டத்திலும் இல்லை, புதிய பாரதிய சாட்சியச் சட்டத்திலும் இல்லை. விவாகரத்து வழக்கில் நீதிமன்றம் கேட்டால் கோப்பைக் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் சிகிச்சைக்குத் தேவையில்லாத மூன்றாம் நபர் பெயர்களை நான் எழுதுவதில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் வாசிக்கும்போது எப்படி இருக்கும் என்று யோசித்துத்தான் ஒவ்வொரு வரியும்.

கணினியில் ஏறியது இன்னும் ஆபத்து. பின்லாந்தில் வாஸ்தாமோ என்ற மனநல சிகிச்சை நிறுவனத்தின் பதிவேடுகளை ஒருவர் திருடினார். 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே தனித்தனியாக மின்னஞ்சல் வந்தது: இத்தனை யூரோ தராவிட்டால் நீங்கள் சிகிச்சையாளரிடம் சொன்னதையெல்லாம் வெளியிடுவேன். பல்லாயிரம் பேர் பாதிக்கப்பட்டார்கள், நிறுவனம் திவாலானது, குற்றவாளிக்கு 2024ல் ஆறு ஆண்டுக்கு மேல் சிறை. அங்கே திருடன் வந்தான். அமெரிக்காவின் ஆன்லைன் மனநல ஆலோசனை நிறுவனமான பெட்டர்ஹெல்ப் விஷயத்தில் திருடன் தேவைப்படவில்லை. பயனர்களின் தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்குத் தந்ததாக அந்நாட்டு வணிக ஆணையம் 2023ல் நடவடிக்கை எடுத்தது, 78 லட்சம் டாலர் கட்ட நிறுவனம் ஒத்துக்கொண்டது. நம் ஊரில் சிக்கல் இவ்வளவு நவீனமாக இருப்பதில்லை. சோதனை அறிக்கையை ‘ஃபேமிலி குரூப்’பில் போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான்.

போர்டு வைத்திருக்கும் எல்லோரும் இந்தக் கடமைக்குக் கட்டுப்பட்டவர்களா என்றால், இல்லை. மருத்துவ உளவியலாளர் என்று தொழில் செய்ய, 1992 சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். மற்ற உளவியலாளர்களை 2021ல் வந்த துணைநிலை சுகாதாரத் தொழில் சட்டம் வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது, அமலாக்கம் மெதுவாக நடக்கிறது. ஆறு வார ஆன்லைன் சான்றிதழோடு ‘மைண்ட் கோச்’ என்று அறை போட்டிருப்பவரைக் கேட்க ஆள் இல்லை. பதிவு எண் என்ன என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுபவரிடம் போக வேண்டாம்.

ரகசியத்தை உடைத்தால் என்ன செய்யலாம்? சிகிச்சையில் குறை இருந்தால் முதலில் அந்த நிலையத்தின் பொறுப்பாளரிடமும், பின் மனநல மறுஆய்வு வாரியத்திடமும், அதற்கும் மேல் மாநில மனநல ஆணையத்திடமும் முறையிடலாம் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. சட்டத்தை மீறினால் முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் புகாரை எழுத, தான் சிகிச்சைக்குப் போனதை முதலில் வெளியில் சொல்லியாக வேண்டும். யாருக்கும் தெரியக் கூடாது என்று போனவர்கள் எத்தனை பேர் அதற்குத் துணிவார்கள்? புகார்கள் வராததைக் காட்டி, எங்கும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லிக்கொள்ள இந்தத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு வசதியாக இருக்கிறது.